செவலை ஏர்வேஸ்

முதல் நாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை இருந்தது. மகளுக்குக் கால் பயிற்சி கொடுக்க மருத்துவமனையிலிருந்து பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். நான் கதவைத் திறந்தேன், கீரையைப் பார்த்தேன். "வேண்டாங்க, இன்னைக்குக் காய் வாங்கியாச்சு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தப் போனேன்.

"விக்கறதுக்கு இல்லீங்க சார், இது உங்களுக்கு. கால் பாக்க வந்தவ நான்தானுங்க" என்றார்.

அதற்கு முன் அவர் போய்வந்தது சரவணம்பட்டியில் ஒரு வீடு. அங்கே தோள் இறங்கிய ஒரு டெய்லருக்குப் பயிற்சி. "அவங்க ஊட்டு மரத்துல கீரை அப்படியே முத்திப்போகுதுங்க, ஆரும் பறிக்கறதில்ல. எப்படியும் உங்க ஊட்டுக்கு வார வண்டிதான, சும்மா எதுக்கு வரோணும்னு ஒடிச்சுட்டு வந்துட்டேன்."

சும்மா எதுக்கு வரோணும். அவரைப் பற்றி இத்தனை பக்கம் நான் எழுதப்போவது எல்லாம் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

பயிற்சி முடிந்து கிளம்பும்போது எங்கள் சமையலறையை எட்டிப் பார்த்தார். "இங்கிருந்து பீளமேட்டுல ஒரு பெரியவர் ஊட்டுக்குப் போறனுங்க. அவருக்கு எதாச்சும் குடுத்து உடறீங்களா?"

"அவர் யாருங்க?"

"உங்களுக்குத் தெரியாதுங்க. அவருக்கும் உங்களத் தெரியாது. அதுக்கென்னங்க?"

வங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மனைவி ஒன்றும் புரியாமல் ஒரு டப்பாவில் இட்லி மாவு ஊற்றிக் கொடுத்தாள். மறுநாள் அந்த டப்பா கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. உள்ளே பச்சைக் கடலை இருந்தது.

அந்த ஆண்டு என் மகள் ஸ்கூட்டரில் கல்லூரிக்குப் போகும்போது சத்தி ரோட்டில் ஒரு லாரி உரசியது. தொடை எலும்பில் பிளேட் வைத்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது, இனி நடந்தால்தான் முட்டி மடங்கும், நடக்காவிட்டால் இப்படியே இறுகிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மகள் கட்டிலைவிட்டு இறங்க மறுத்தாள். இனிமேல் கேட்டைத் தாண்டப் போவதில்லை, கல்லூரிக்கும் போகப் போவதில்லை என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனைக் கையில் எடுத்தவள், பிறகு கீழே வைக்கவில்லை. நான் பம்ப்செட் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். விடுப்புப் போட்டு வீட்டில் இருந்தேன். வண்டிகள் திடீரென்று பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்கு ஓடுவேன். இன்றைக்கும் அப்படித்தான், ஆனால் ஓடுவதில்லை, எழுந்து நிற்பதோடு சரி.

என் மகள் அவரை அக்கா என்று கூப்பிட்டாள். நான் மேடம் என்பேன். என்னைவிட இருபது வயதாவது இளையவர். பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கனத்த உடம்பு, உரத்த குரல், முழங்கைவரை சுருட்டிவிட்ட சுடிதார் கை. அவருடைய ஸ்கூட்டரில் முன்னால் இரண்டு கொக்கி, பின்னால் ஒரு பிளாஸ்டிக் கூடை, சீட்டுக்கு அடியில் இன்னும் ஏதேதோ. ஒரு நாளைக்கு எத்தனை வீடு போவாரோ, அத்தனை வீட்டுக்கும் ஏதோ ஒன்று வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தது. இடுப்பு பிடித்தவர் வீட்டுக் கறிவேப்பிலை முட்டி வலிக்காரர் வீட்டு ரசத்தில் மிதக்கும். யார் யாருக்குக் கொடுத்தோம் என்று யாருக்கும் தெரியாது. கோயம்புத்தூரில் எங்களுக்கு முகம் தெரியாத உறவினர்கள் பெருகிக்கொண்டே போனார்கள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மகளின் காலை மடக்கிக்கொண்டே அவள் போனை எட்டிப் பார்த்தார்.

"இதென்ன அம்மணி, நீயும் இதத்தான் ஆடறயா?"

அவர் காலைவிட்டுவிட்டுத் தன் போனை எடுத்துக் காட்டினார். இரண்டிலும் ஒரே விளையாட்டு. விமான நிறுவனம் நடத்தும் விளையாட்டு அது. தொடக்கத்தில் கொஞ்சம் முதல் கொடுப்பார்கள். அதை வைத்து விமானம் வாங்கி, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்று வழி பிடித்து, எரிபொருள் விலை இறங்கும் நேரம் பார்த்து நிரப்பி, லாபம் காட்ட வேண்டும். ஷார்ஜாவுக்குப் போக நிஜ விமானத்துக்கு எத்தனை நேரம் ஆகுமோ, அந்த விளையாட்டிலும் அத்தனை நேரம் ஆகும்.

அவருடைய நிறுவனத்தின் பெயர் செவலை ஏர்வேஸ். செவலை என்பது ஊரில் அவர்கள் வீட்டு மாடு.

"அக்கா, உங்களுது எல்லாமே சரக்கு விமானமா இருக்குது" என்றாள் மகள். பல நாட்களுக்குப் பிறகு அவள் தானாக ஒரு வாக்கியம் பேசியது அன்றைக்குத்தான். நான் கதவோரம் நின்று கேட்டேன்.

"ஆமா. ஆளுங்கள ஏத்துனா சீட்டு பத்தல, சோறு நல்லால்லன்னு ஆயிரம் சொல்லுவாங்க. மூட்டை ஒண்ணும் கேக்காது பாரு."

"ஆனா நஷ்டத்துல ஓடுது."

"அதான் கண்ணு, தெரியல. போறப்ப ரொம்பிப் போகுது. ஆனா எங்கயோ ஒழுகுது."

மகள் அவர் போனை வாங்கிப் புரட்டினாள். கோயம்புத்தூரிலிருந்து ஷார்ஜாவுக்கு விமானம் நிறையச் சுமையோடு போயிருந்தது. அங்கே இறக்கிவிட்டுக் காலியாக அப்படியே திரும்பியிருந்தது. மறுநாளும் அதேதான். தெருத் தெருவாக வெண்டைக்காயும் பச்சைக் கடலையும் ஏற்றி இறக்குகிற மனுஷி, விமானத்தை மட்டும் காலியாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஏன் உடனே திருப்பிடறீங்க? அங்கேயிருந்து கொழும்புக்கு லோடு இருக்குது பாருங்க. கொழும்புல இருந்து இங்க வர லோடு இருக்குது. சுத்தி வந்தா எல்லாப் பக்கமும் ரொம்பிரும்."

"சுத்தி வந்தா என்னைக்கு வந்து சேரும்?"

"மறுநாள்."

"அதெப்படி? வண்டி ஓட்டறவங்க பொழுதோட ஊட்டுக்கு வர வேண்டாமா? அவங்க ஊட்ல தேட மாட்டாங்களா?"

மகள் சிரித்தாள். சத்தமாகச் சிரித்தாள், கால் ஆடும் அளவுக்கு. நான் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததைக் கவனிக்கவில்லை. அவருக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. "ஏனுங்க சார், நீங்க சொல்லுங்க. நான் சொல்றது தப்புங்களா?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு அவர் சொன்னது முழுக்கச் சரியாகப் பட்டது. பொழுது சாயும் நேரத்தில் வீடு வந்து சேராத விமானத்தால் யாருக்கு என்ன லாபம்? அப்படியே சொன்னேன். மகள் இன்னும் அதிகமாகச் சிரித்தாள்.

அதன்பிறகு இருவருக்கும் ஒரு பேரம் படிந்தது. மகள் விமானத்துக்கு ஒரு யோசனை சொன்னால், பதிலுக்கு அவர் ஒரு நடை கேட்பார். கட்டிலிலிருந்து சமையலறைவரை வாக்கரைப் பிடித்துக்கொண்டு போய்த் திரும்ப வேண்டும். வாக்கரின் முன் கம்பியில் ஒரு மஞ்சப்பையை மாட்டினார். "போறப்ப காலி டம்ளர், வரப்ப எதாச்சும் பொருள். சும்மா நடந்துட்டு வந்தா அது நடையில்ல, கணக்குல சேராது."

வரும்போது பையில் போடும் பொறுப்பு எனக்கு வந்தது. பாரம் ஏறி அவள் தடுமாறிவிடக் கூடாது என்று நான் ஒரு எலுமிச்சம்பழத்தைப் போட்டேன். அவர் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"சார், ஒரு எலுமிச்சம்பழத்துக்கு இத்தன பெரிய வண்டியா? இப்படி ஏத்துனா நம்ம கம்பெனிய மூடிட்டு மாடு மேய்க்கத்தான் போகோணும்."

அடுத்த நடைக்குத் தண்ணீர் பாட்டில் வைத்தேன். அவள் நடக்கும்போது இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அதற்கும் சொன்னார். "நீங்க எதுக்குங்க கைய விரிச்சுக்கிட்டே வாரீங்க? கோழி புடிக்கறாப்ல இருக்குது."

"உழுந்துட்டா?"

"உழுந்தா எந்திரிப்பா. உங்களப் பாத்தா எனக்கே பயமா இருக்குது, அவளுக்கு இருக்காதா?"

சரக்குக் கட்டணத்தை உயர்த்தச் சொல்லி மகள் ஒரு வாரம் போராடினாள். அவர் அசையவில்லை. தொடங்கிய நாளில் வைத்த கட்டணம்தான் கடைசிவரை என்பது அவர் கொள்கை.

"அவங்க இன்னும் எச்சாவே குடுப்பாங்கக்கா. ஒரு பத்து பங்குல ஒரு பங்கு ஏத்துங்க, போதும்."

"தெனமும் நம்மகிட்டயே அனுப்பறாங்க. திடீர்னு ஏத்துனா அவங்க மொகத்துல எப்படி முழிக்கறது?"

"மொகமே இல்லக்கா. அது கம்ப்யூட்டர்."

"இருந்தாலும் கண்ணு, ஒரு வார்த்த சொல்லாம ஏத்தறது நல்லால்ல."

சொல்லுவதற்கு அந்த விளையாட்டில் வழி இல்லை. அதனால் நெடுநாள் ஏறாமலே இருந்தது. ஒருநாள் புது விமானம் வாங்கினார். "புது வண்டிக்குப் புது வெலை வெச்சுக்கலாம், அதுல தப்பில்ல" என்று அவரே ஒரு சமாதானம் கண்டுபிடித்து, பழைய வண்டிகளை மெல்ல மெல்ல விற்றார். மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். ஆனால் அதற்குள் அவள் சமையலறையைத் தாண்டி வாசல்வரை நடக்க ஆரம்பித்திருந்தாள்.

எல்லாம் சிரிப்பாகவே போய்விடவில்லை. வாக்கரை விட்டு ஊன்றுகோலுக்கு மாறிய அன்று, ஹாலின் நடுவில் முட்டி மடங்கி விழுந்துவிட்டாள். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்தார். மேடம் மட்டும் பதறவில்லை. மகளைத் தூக்கவும் இல்லை. பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காலைத் தொட்டு ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்தார். "ஒண்ணும் ஆகல" என்றார். பிறகு போனை எடுத்து, "எண்ணெ வெலை எறங்கிருக்குதா பாரு கண்ணு" என்று அவளிடம் நீட்டினார். அழுதுகொண்டே அவள் பார்த்தாள், இறங்கித்தான் இருந்தது. எரிபொருள் நிரப்பி முடித்ததும், "சரி, இப்ப நீயே எந்திரி. எப்படின்னு நான் சொல்றேன்" என்றார். அவள் எழுந்திருக்க வெகு நேரம் ஆனது. ஆனால் எழுந்தாள்.

என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வாசலில் அவரிடம், "மேடம், நாளையில இருந்து வர வேண்டாங்க. இவ கொஞ்ச நாள் படுத்தே இருக்கட்டும்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் அதே நேரத்துக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. வாசலில் ஒரு தூக்குப் போணியோடு நின்றார்.

"நான் வேலைக்கு வரலைங்க சார். பீளமேட்டுப் பெரியவர் ஊட்ல உங்களுக்குன்னு மோர் குடுத்துப்போட்டாங்க. வெச்சிருந்தா புளிச்சுப்போகுமல்லங்க. குடுத்துட்டுப் போயர்றேன்."

நான் போணியை வாங்கினேன். அவர் போகவில்லை.

"போணிய மட்டும் திருப்பிக் குடுத்துட்டீங்கன்னா..."

போணியைக் காலியாகத் திருப்பிக் கொடுக்க எங்கள் வீட்டில் யாருக்கும் கை வராது. அது அவருக்குத் தெரியும். நான் உள்ளே போய், இருந்த வெண்டைக்காயைக் கழுவித் துடைத்துப் போட்டு எடுத்துவர நேரமானது. திரும்பி வந்தபோது மகள் ஹாலில் நின்றுகொண்டிருந்தாள். அவர் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் ஒரு எட்டு. கொழும்புக்கு அனுப்பறதுன்னா அனுப்பிக்கோ, நான் தடுக்கல. ஆனா அங்க தெரிஞ்சவங்க ஆராச்சும் இருக்கோணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தங்கத்தைக் கடத்துவதுபோல அவ்வளவு கவலை அவர் முகத்தில். அன்று செவலை ஏர்வேஸின் ஒரு விமானம் முதன்முதலாக இரவு வெளியூரில் தங்கியது. காலையில் அவர் வந்து இறங்கியதுமே கேட்ட முதல் கேள்வி, "வந்துருச்சா?" என்பதுதான். தன் போனிலேயே பார்த்திருக்கலாம். தனியாகப் பார்க்கப் பயமாக இருந்ததாம்.

வந்திருந்தது. மூன்று பக்கமும் நிறைந்து வந்திருந்தது. அந்த வாரமே கணக்கு நஷ்டத்திலிருந்து மேலே ஏறியது. அவர் எங்கள் தெருவுக்குள் நுழையும்போதே ஸ்கூட்டரை நிறுத்தாமல் கத்திக்கொண்டு வந்தார்: "சார், செவலை கறக்க ஆரம்பிச்சுருச்சுங்க." பால்காரரிடம் எதிர்வீட்டு அம்மா, "அவங்க மாடு வாங்கியிருக்காங்களா?" என்று விசாரித்ததாகப் பின்னால் தெரிந்தது.

இப்போது அவர் கோயம்புத்தூரில் இல்லை. கல்யாணமாகி ஆனைமலைப் பக்கம் போய்விட்டார். அங்கே சொந்தமாகச் சிகிச்சை நிலையம் வைத்திருப்பதாகக் கேள்வி. போன் எண் மாறிவிட்டது. தென்னந்தோப்பு நிறைந்த ஊர். அவரிடம் கால் காட்டப் போகிறவர்கள் யாரும் வீட்டில் தேங்காய் இல்லை என்று சொல்லிக்கொள்ள முடியாது. என் மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போகிறாள். நடையில் ஒரு சின்ன இழுப்பு உண்டு. தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

கடைசி நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்போது கல்லூரி திறக்கச் சில நாட்களே இருந்தன. மகள் ஊன்றுகோலோடு கேட்வரை போவாள், கேட்டைத் தொடுவாள், திரும்பிவிடுவாள். கேட்டின் கொண்டியில் கைவைக்க மாட்டாள். நானும் ஒரு நாளும் திறக்கச் சொன்னதில்லை. மாலை ஐந்து மணிவாக்கில் அவர் ஒரு பாட்டில் தேனோடு வந்தார். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, முட்டி ஆபரேஷன் செய்துகொண்ட பாய் ஒருவர் வீடு இருந்தது. ஜவுளி வியாபாரம் செய்து ஓய்ந்தவர். அவரும் இவருடைய நோயாளிதான். அந்த வீட்டுக்குத்தான் தேன்.

"இன்னைக்கு எனக்குப் பாய் ஊட்டுக்குப் போக நேரமில்ல அம்மணி. நீ கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துரு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இந்த விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி.

"அப்பாவும் கூட வரட்டும்" என்றாள்.

"அப்பாவுக்கு இன்னைக்கு டிரீட்மெண்ட் இருக்குது. கோழி புடிச்சுப் புடிச்சுத் தோள்பட்ட இறுகிப்போச்சு, பாத்தா தெரியல? ஒக்காருங்க சார்."

எனக்குத் தோளில் ஒரு வலியும் இல்லை என்று நான் சொல்லத் தொடங்கும்போதே அவர் கை என் தோளில் இறங்கிவிட்டது. அந்தப் பிடியை உதறிக்கொண்டு எழ என்னால் முடியவில்லை. மகள் தேன் பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெகு நேரம் வாசலில் நின்றாள். பிறகு கேட் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தமும் கேட்டது.

போய்வரக் கால் மணி நேரம் போதும். கால் மணி ஆனது, அரை மணி ஆனது. அவர் என் கையைத் தூக்கச் சொன்னார், இறக்கச் சொன்னார், சுழற்றச் சொன்னார். மகளுடைய போன் கட்டிலிலேயே கிடந்தது. "நான் போய்ப் பாத்துட்டு வந்தர்றனுங்க" என்று எழுந்தேன். மறுபடி உட்கார வைத்தார். "இன்னொரு பக்கம் இருக்குதுங்க சார்." தெருவில் எங்கோ ஒரு வண்டி பிரேக் பிடித்தது. நான் எழ முயன்றேன். அவர் விரல்கள் இன்னும் அழுந்தின. "பேசிட்டிருப்பாங்க. பாயம்மா உட மாட்டாங்க" என்றார். பிறகு அவரும் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது கேட் திறந்தது. மகள் வியர்த்து வழிந்துகொண்டு உள்ளே வந்தாள். பையிலிருந்து ஒரு பிடி மல்லித்தழையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"எங்கம்மா போனே?" குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"பாயம்மா நார்த்தங்கா குடுத்தாங்கப்பா, அந்தப் பக்கம் ஒரு டீச்சர் ஊட்ல குடுக்கச் சொல்லி. அவங்க இதக் குடுத்தாங்க."

"எந்தப் பக்கம்?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

"எந்த ரோடு?"

"சத்தி ரோடுதான்ப்பா."

அவளே சொன்னாள். "ரொம்ப நேரம் ஓரத்துலயே நின்னுட்டிருந்தேன். திரும்பி வந்தர்லாம்னுதான் நெனச்சேன். ஒரு லாரிக்காரர் பாத்துட்டு வண்டிய நிறுத்திட்டாரு. பின்னால எல்லாரும் ஹாரன் அடிச்சாங்க. அவரு கைய வெளிய நீட்டி எல்லாத்தையும் நிறுத்திட்டு, 'மெதுவாப் போ கண்ணு, ஒண்ணும் அவசரமில்ல'ன்னாரு."

"திரும்பி வரப்ப?"

"வரப்ப நானே கைய நீட்டினேன். நின்னாங்க."

என் தோளில் இருந்த பிடி அப்போதுதான் தளர்ந்தது. அவர் சுற்றி வந்து எதிர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "அம்மணி, நாளைக்கு நான் வர வேண்டியதில்ல" என்று அவளிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "சார், குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார்.

கொண்டுவந்து நீட்டினேன். டம்ளரை அவர் ஒரு கையால் வாங்கினார், முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்தார். அப்படியும் பாதித் தண்ணீர் அவர் மடியில்தான் சிந்தியது.